உங்கள் மருமகனின் தலைமுடி சம்பந்தமாக

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

முதலில் ‘மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா’ என்றுதான் ஆரம்பித்தேன். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த உங்கள் தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, “எங்க அண்ணனுக்குக் கடிதாசு எழுதறீங்களா, இல்ல ஆபீசுக்கு மனு போடறீங்களா?” என்று கேட்டதால் அடித்துவிட்டு எழுதுகிறேன். அடித்தல் திருத்தலைப் பொருட்படுத்த வேண்டாம். இங்கே நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம். உங்கள் மருமகனும் கழுத்துக்குக் கீழே சௌக்கியம். கழுத்துக்கு மேலேதான் பிரச்சினை.

அந்த மாயமலை நாவலை நீங்கள் படமாக எடுத்தபோது, சொந்தத்தை மறக்காமல் நம் பையனுக்கு வாசல் காக்கும் சிறுவன் வேஷம் கொடுத்தீர்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. கடைசிக் காட்சியில் இளவரசி மலைக்குள் போகிறாள், இவன் தோளில் புரளும் முடியோடு அந்தக் கல் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு, “நீ போயிட்டு வா, நான் பிடிச்சிருக்கேன்” என்கிறான், படம் முடிகிறது. தியேட்டரில் அழாத ஆள் இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்தே அழுதார், அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படப்பிடிப்பு முடிந்த அன்று உங்கள் மேக்கப்காரர் இவன் தலையைத் தடவி, “ரெண்டாம் பாகம் இந்த நிமிஷத்துலேர்ந்துதான் ஆரம்பிக்குது. கூப்பிடற வரைக்கும் முடியில கை வெச்சிடாதே கண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். இளவரசி இன்னும் மலைக்குள்ளேயே இருக்கிறாள். இவனுக்கு மீசை முளைத்து, வேலையும் கிடைத்து, முடி இடுப்பைத் தாண்டிவிட்டது.

வேலை லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில். எப்போது என்ன ஆகும் என்று சொல்ல முடியாத வேலை மச்சான், மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை, அதற்குள் மோட்டார், சக்கரம், விர்ரென்று ஓடுகிற கம்பி வடம். தினமும் காலையில் உங்கள் தங்கை இவனை உட்காரவைத்துப் பின்னிவிடுகிறாள். கொண்டை போட்டால் ஹெல்மெட் ஏறமாட்டேன் என்கிறது, பின்னல் போட்டால் ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்குகிறது. போன வாரம் இவன் குனிந்து ஏதோ நட்டை முடுக்கியபோது பின்னலின் நுனி சக்கரத்துக்குள் போய்விட்டது. கூட இருந்தவன் பாய்ந்து சுவிட்சை அணைத்ததால் தலை தப்பியது. சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்துவிட்டார். அங்கே எல்லோரும் இவனைக் ‘கதவு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். “சார், கதவு நல்ல பையன், வேலைக்காரன். ஆனா முடியை வெட்டிட்டு வரட்டும், இல்லேன்னா வரவே வேணாம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?” என்றார். காபி கூடக் குடிக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. என் மருந்துக்கடையில் போன் மணி அடித்தாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். நேற்று இருமல் மருந்து கேட்டவருக்கு மூட்டுவலித் தைலத்தைக் கொடுத்து, ரெண்டு மூடி குடிக்கணும் என்றும் சொல்லி அனுப்பிவிட்டேன். புண்ணியவான் மூடியைத் திறந்து மோந்து பார்த்ததால் நான் ஜெயிலுக்கு வெளியே இருந்து கடிதம் எழுதுகிறேன்.

சரி, என்னடா செய்யப்போறே என்றால் இவன் என் முகத்தையே பார்க்கிறான். “மாமா கூப்பிட்டா என்னப்பா பண்றது? நீங்க சொல்லுங்க, வெட்டிடவா?” என்கிறான். நான் எப்படிச் சொல்வேன்? படம் எடுத்தவன் நானா? இப்படி ஒரு பைத்தியம் இவனுக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. நான் இதையெல்லாம் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவன் இல்லை. கடைக் கண்ணாடியில் இவன் கதவைத் தாங்குகிற படத்தை ஒட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். மருந்துச் சீட்டை நீட்டுகிறவர்கள் அதைக் கவனிக்காமல் நின்றால் மட்டும், “அது யாருன்னு தெரியுதா?” என்று கேட்பேன். அப்புறம் ரெண்டாம் பாகம் பற்றி நாலு வார்த்தை. தயாரிப்பாளர்கள் அடித்துக்கொண்டார்கள், கிராபிக்ஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள், இளவரசிக்கு இரட்டைக் குழந்தை என்று ஏதேதோ காதில் விழுகிறது. நான் நம்பவில்லை. மீசைதான் தடை என்றால், கதவைப் பிடித்தபடியே வளர்ந்துவிட்டான் என்று ஒரு வசனம் வைத்தால் போதும். மாயமலைதானே, யார் கேட்கப்போகிறார்கள்?

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். ஒரே பிள்ளை. “முடியை வெட்டிக்கொள்ளலாம்” என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். என்னிடம் கேட்டுக்கொண்டே நிற்கிறவன் உங்கள் எழுத்துக்குக் கட்டுப்படுவான்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். உங்கள் அடுத்த படம் அமோகமாக ஓடி, அதற்கு அடுத்த படம் எங்கள் படமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப் பசை தேடப் போன நேரத்தில் இவன் கடிதத்தைப் படித்துவிட்டான். “அப்பா, ரெண்டாம் பாகம் வராதுப்பா. மாமா எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டார்” என்றான். பின்னே ஏன்டா இந்த முடி என்றேன். “தினம் கடையில நிக்கறவங்ககிட்ட எல்லாம் என் படத்தைக் காட்டி அவ்வளவு சந்தோஷமா பேசறீங்க. அதைப் பார்த்துட்டு எப்படிப்பா வெட்டறது? குளிச்சா காயறதுக்கு மத்தியானம் ஆகுது. கழுத்து வலிக்குது. நீங்களா ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களான்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்” என்றான். உங்கள் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். “எனக்கும் தெரியும். அண்ணன் உங்க போனை ஏன் எடுக்கறதில்லைன்னு நினைச்சீங்க?” என்றாள்.

நானே சலூனுக்குக் கூட்டிப்போனேன். எவ்வளவு வெட்டணும் என்று முடிவெட்டுகிறவர் கேட்டதும் ரெண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். ஒட்ட வெட்டுங்க என்று சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு அழகான காது மச்சான், எனக்கே மறந்துபோயிருந்தது. நாளைக்கு நிம்மதியாக வேலைக்கு அனுப்புவேன்.

அதனால் அனுமதிக் கடிதம் வேண்டாம். ஆனால் முடியை அங்கேயே தரையில் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. யாரும் பார்க்காதபோது திரும்பிப் போய் ஒரு மருந்துப் பையில் அள்ளிக்கொண்டு வந்து, ஈரம் படாமல் பீரோவில் வைத்திருக்கிறேன். ஒரு விக் செய்ய அது போதுமா என்று மட்டும் மேக்கப்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள். பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், கடை முகவரிக்குப் போடுங்கள்.