கதவைப் பார்த்துப் பதில் சொன்ன அக்கா

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் இளைய மகள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாலு பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உடம்பைத் தவிர மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அக்காவின் விமானி வேலைக்கான இன்டர்வியூ என்ன ஆயிற்று என்று கேட்டு நீங்கள் மூன்று முறை போன் செய்தீர்கள். முதல் முறை அப்பா "அங்க மழை எப்படி?" என்று பேச்சை மாற்றினார். இரண்டாம் முறை அம்மா "அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிட்டாள். அடுப்பில் பால் இல்லை. மூன்றாம் முறை யாருமே எடுக்கவில்லை. உங்கள் அலுவலகத்தில் டிக்கெட் பதிவு செய்கிற வேலையை அக்காவுக்காக வெள்ளிக்கிழமை வரைதான் பிடித்து வைக்க முடியும் என்று சொல்லியிருந்தீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். தப்பு முழுக்க என்னுடையது. அக்காவை ஒன்றும் சொல்லாதீர்கள்.

அந்த விமானக் கம்பெனியில் ஒருவரை மூன்று முறைதான் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். அக்காவுக்கு இது மூன்றாவது. முதல் இரண்டு முறையும் பதில் எல்லாம் தெரிந்தும் எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டதாம். ஆகவே இந்த முறை ஆறு வாரம் வீட்டிலேயே யாராவது கேள்வி கேட்டுப் பழக்க வேண்டும் என்றாள். முதலில் அப்பா கேட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அல்லவா, தானும் அதே தொழிலில்தான் இருப்பதாக அவருக்கு எண்ணம். "நானும் ஆளுங்கள மேல ஏத்தி இறக்குறவன்தானே. எனக்கு ஜன்னல் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். அடுத்து அம்மா கேட்டாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் "சரியா சொன்னே, வா சாப்பிடலாம்" என்றாள். கடைசியில் அக்கா என்னிடம் வந்தாள். "நீதாண்டி சரியான ஆளு. உனக்கு ஒரு பதிலும் தெரியாது, குறுக்க பேச மாட்டே" என்றாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதில் எனக்குக் கிடைத்த முதல் பெருமை இது.

இங்கேதான் வினை ஆரம்பித்தது, அத்தை. இன்டர்வியூவில் மரியாதையாகத்தான் கேட்பார்கள், நீயும் அப்படியே கேள் என்றாள். நான் எதிரே உட்கார்ந்து, அவள் கேள்விகள் எழுதிக் கொடுத்த நோட்டைப் பிரித்து, "நீங்க உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றேன். பிறந்ததிலிருந்து 'நீ, வா, போ' என்று கூப்பிட்டவளை முகத்துக்கு நேராக 'நீங்க' என்றால் எப்படி இருக்கும்? அவள் உதட்டைக் கடித்தாள், நான் நோட்டைக் கடித்தேன், பிறகு இரண்டு பேரும் தரையில் உருண்டு சிரித்தோம். அன்றைக்கு ஒரு கேள்விகூட நகரவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, உள்ளிருந்தே கேட்டேன். முகம் தெரியவில்லை என்றதும் எனக்கும் குரல் வந்தது, அவளுக்கும் பதில் வந்தது. அன்றிலிருந்து மீதி வாரங்கள் முழுக்க அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். அருவி மாதிரி கொட்டினாள். நான் கெட்டிக்காரத்தனமாக ஒன்றைச் செய்துவிட்டேன் என்று எனக்குள் சந்தோஷம்.

இதற்கு நடுவே அம்மாவும் அப்பாவும் வேறு. "விமானம் ஸ்டால் ஆனா முதல்ல என்ன செய்வீங்க?" என்று நான் கேட்பேன். ஸ்டால் என்றால் கடை இல்லை, விமானம் வேகம் குறைந்து மேலே நிற்க முடியாமல் போவது. "மூக்கைத் தாழ்த்துவேன்" என்று அக்கா சொல்வாள். உடனே அம்மா, "நீ எதுக்குடி தாழ்ந்து போகணும்? நிமிர்ந்தே இரு" என்பாள். "லிஃப்ட் எப்படி உண்டாகுது?" என்று கேட்டால் போதும், அப்பா முன்னறையிலிருந்து "மோட்டார், கயிறு, எதிர் எடை" என்று கத்துவார். விமானத்தில் லிஃப்ட் என்றால் இறக்கையின் மேலும் கீழும் ஓடுகிற காற்று அதைத் தூக்குவது என்று அக்கா அவருக்கு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "காத்தை நம்பி நான் ஆளுங்கள ஏத்த மாட்டேன்" என்று முடித்துவிட்டார்.

இன்டர்வியூ அன்று அறைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலை நரைத்த கேப்டன், ஒரு பக்கம் கண்ணாடி போட்ட இன்ஜினீயர் அம்மா, இன்னொரு பக்கம் எதையோ எழுதிக்கொண்டே இருந்த ஒருவர். அக்கா உட்கார்ந்ததும் கேப்டன் மிகவும் மரியாதையாக, "நீங்க உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார். அக்கா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்திருக்கிறாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டாராம். சரி, தொழில் கேள்விக்குப் போவோம் என்று இன்ஜினீயர் அம்மா, "லிஃப்ட் எப்படி உண்டாகுதுன்னு சொல்லுங்க" என்றார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாக, "மோட்டார், கயிறு" என்றாள். எதிர் எடை வருவதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குமேல் மறைத்துப் பயனில்லை என்று எழுந்து நின்று, "சார், நான் ஒரு கதவைப் பார்த்துத்தான் பழகினேன். நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். கேப்டன், "விமானம் ஓட்டும்போதும் இப்படித்தானா?" என்றாராம். "அங்க யார் முகமும் தெரியாது சார். கட்டுப்பாட்டுக் கோபுரத்துலேருந்து குரல் மட்டும்தான் வரும்" என்றாளாம் அக்கா. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை, கையால் 'திருப்பிக்கொள்' என்று காட்டினாராம்.

அப்புறம் கேட்ட அத்தனை கேள்விக்கும் அக்கா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதவைப் பார்த்துப் பதில் சொன்னாள். பனி, மின்னல், எரிபொருள், காற்றழுத்தம் எதையும் விடவில்லை. ஓடுபாதையில் கிளம்புவதா நிற்பதா என்று முடிவெடுக்கிற வேகத்தைத் தாண்டிய பிறகு ஒரு எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்று கேட்டபோது கதவு திறந்தது. டீ கொண்டுவந்த அம்மாள் தட்டோடு வாசலில் தயங்கி நின்றார். அக்காவால் பாதியில் நிறுத்த முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே, "இனிமே நிக்கக் கூடாது. வேகம் வந்தாச்சு. நேராப் போயே ஆகணும்" என்று அழுத்தமாகச் சொன்னாள். அந்த அம்மாள் "சரிங்கம்மா" என்று விறுவிறுவென்று நேராகப் போய், மேஜையில் டீயைக் கொட்டிவிட்டார்.

கடைசியில் "சொல்லி அனுப்புறோம்" என்றார்களாம். அதற்கு 'இல்லை' என்றுதான் அர்த்தம் என்பதை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்த வீடு இது. இதையெல்லாம் அக்கா எங்களுக்கு நடித்துக் காட்டித்தான் சொன்னாள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு அக்கா குளிக்கப் போகிறேன் என்று போனாள். குழாய் அரை மணி நேரம் ஓடியது. வெளியே வந்தபோது அவள் தலை நனையவே இல்லை. அன்றிலிருந்து அப்பா லிஃப்ட் என்ற வார்த்தையையே சொல்வதில்லை. வேலைக்குப் போகும்போது "மேல ஏறுற சாமானைப் பார்க்கப் போறேன்" என்கிறார்.

இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. தகவல் இல்லை. எனக்கு 'நீங்க' என்று நேரே பார்த்துச் சொல்லத் தெரிந்திருந்தால் அக்காவுக்கு இந்தக் கதி வந்திருக்காது. ஆகவே, அத்தை, அந்த டிக்கெட் வேலையைத் தயவுசெய்து அவளுக்கே வைத்திருங்கள். நேற்று அவளிடம் கேட்டேன். "சரி" என்றாள். அங்கே வந்தால் ஜன்னல் இல்லாத மேஜையாகப் பார்த்து உட்கார வையுங்கள். விமானம் போகிற சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

மாமாவின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். உங்கள் வீட்டில் எல்லோரும் நிறைந்து வாழ வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் சின்ன மருமகள்

பின்குறிப்பு: உறையில் ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது, இதைக் கிழிக்க மனம் வரவில்லை. அதனால் மேலே உள்ளதில் வணக்கத்தையும் முத்தத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு முன்னால் போன் அடித்தது. வீட்டில் யாருமில்லை. எடுத்தேன். கம்பெனியிலிருந்து ஒரு ஆண் குரல் அக்காவைக் கேட்டது. கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். "சரி, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைக்கப் போனார். "வைக்காதீங்க. வேலை கிடைச்சிருக்கா இல்லையா, அத நேரா சொல்லுங்க" என்று ஒரு அதட்டல் கேட்டது. யாரென்று பார்த்தால் நான்தான். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "கிடைச்சிருக்குங்க மேடம். ஒண்ணாம் தேதி பயிற்சிக்கு வரச் சொல்லுங்க" என்றார். இப்போது நம் குடும்பத்தில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான், அத்தை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பாதியிலேயே அழுகை வந்துவிடுகிறது. படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. அவள்தான்.