கழுத்தின் மேல் ஒரு கண்

பரிசு கொடுப்பவர்களில் பலவகை உண்டு. கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுநாளே மறந்துபோகிறவர்கள் நல்லவர்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தங்களுக்கு வந்ததையே காகிதம் மாற்றி நம் தலையில் கட்டுகிறவர்களும் நல்லவர்கள்தான். நாமும் அதைத்தானே செய்கிறோம்? நான் அறிமுகம் செய்யப்போவது வேறொரு இனத்தை. கம்பளி நூலையும் இரண்டு ஊசிகளையும் வைத்துக்கொண்டு, சிநேகிதர்களுக்குத் தன் கையாலேயே பின்னிக் கொடுப்பவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் மாமனாருக்கு நடந்த ஆபரேஷனைப் பற்றி நீங்கள் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அவரும் 'ச்சு, ச்சு' என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் பார்வை உங்கள் முகத்தில் இருக்காது. கழுத்தில் இருக்கும். அங்கிருந்து இந்தத் தோள், அந்தத் தோள், இறங்கி மணிக்கட்டு என்று ஒரு சுற்று போய்வரும். உதடு மெல்ல அசையும். உங்கள் மாமனாருக்காகப் பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனை கண்ணி போட வேண்டும் என்று எண்ணுகிறார்.

நாடா வைத்து அளந்தால் என்ன? கூடாதாம். பரிசு என்றால் தெரியாமல் வந்து நிற்க வேண்டுமாம். ஆனால் என்ன நிறம் பிடிக்கும் என்று மட்டும் கேட்பார். நீங்கள் நீலம் என்பீர்கள். நீலம் உங்களுக்கு எடுக்காது என்று அவரே முடிவு செய்து, வீட்டில் மிச்சமிருக்கும் பழுப்பு நூலில் தொடங்கிவிடுவார்.

அவர் படும் பாட்டையும் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். முதுகுப்புறம் முக்கால்வாசி முடிந்திருக்கும். அப்போதுதான் கீழே பன்னிரண்டாவது வரிசையில் ஒரு கண்ணி நழுவியிருப்பது தெரியும். உலகத்தில் வேறு யார் கண்ணுக்கும் அது தெரியப்போவதில்லை, போட்டுக்கொள்பவரே தன் முதுகைப் பார்க்கப்போவதில்லை, பேசாமல் விட்டுவிட்டு மேலே போகலாம். போவாரா? மாட்டார். சனிக்கிழமை முழுதும் பின்னியதை ஞாயிற்றுக்கிழமை காலையில் உருவிவிட்டு, வீட்டில் யாரோடும் பேசாமல், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இந்த இனத்தில் ஒருவரை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். என் மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். அங்கே வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவர் அவளுடைய இருபது வருஷத்துச் சிநேகிதி. எங்கள் வீட்டில் அவருக்கு மகாராணி என்று பெயர். மகாராணி நாலு மாதம் பாடுபட்டு என் மனைவிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார். நிறம் பழுப்பு என்று சொல்லத் தேவையில்லை.

அன்று சாயங்காலமே என் மனைவி அதைப் போட்டுப் பார்த்தாள். கைகள் நுழைந்தன. தலை காதுவரை வந்து நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தூக்கிய கையோடு அறைக்குள் முட்டிக்கொண்டு நடந்தவளைக் கட்டிலில் உட்காரவைத்து, நான்தான் பிடித்து இழுத்து மீட்டேன். நாலு மாதம் கண்ணாலேயே அளந்த கழுத்து அது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ஸ்வெட்டர் அலமாரிக்குள் போயிற்று. ஆஸ்பத்திரியில் மகாராணி தினமும் காலையில் என் மனைவி என்ன போட்டுக்கொண்டு வருகிறாள் என்று பார்த்தார். ஒரு வாரம் பொறுத்தார், இரண்டு வாரம் பொறுத்தார். மழை பெய்த அன்று வாசலுக்கே வந்து நின்றார். பிறகு, இந்த இனத்தைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத ஒரு யோசனை அவருக்குத் தோன்றியது. ஏ.சி. ரிமோட் அவர் மேஜையில்தான் இருந்தது. அதைப் பதினாறில் வைத்தார்.

பல் பிடுங்க வந்தவர்களின் பற்களெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டன. வாயை அசைக்காதீர்கள் என்று டாக்டர் கெஞ்சிக்கொண்டிருந்தார். என் மனைவி இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிட்டு, மூன்றாம் நாள் கடையில் வாங்கிய ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு போனாள். மகாராணி அதைப் பார்த்தார். அன்றிலிருந்து பேச்சு நின்றது. "எக்ஸ்ரேவுக்கு ஆள் வந்திருக்கு," அவ்வளவுதான். இருபது வருஷமாகச் சேர்ந்து சாப்பிட்டவர்கள் டப்பாவைத் தனித்தனியாகத் திறந்தார்கள். அந்த வாரம் என் மனைவி வீட்டிலும் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கே அந்தப் பழுப்பு நூலின் மேல் கோபம் வந்தது.

ஏ.சி. காற்று நேராக இறங்குவது வரவேற்பு மேஜையின் மேல் என்பதை மகாராணி யோசித்திருக்கவில்லை. அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டார். என் மனைவி ஸ்வெட்டரைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வேண்டாம், உள்ளதும் போய்விடும் என்றேன். கேட்கவில்லை. நானும் கூடப் போனேன்.

மகாராணி போர்வைக்குள்ளிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி ஸ்வெட்டரை எடுத்து அவர் கண்ணெதிரே மாட்டினாள். தலை அதே இடத்தில் சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இதாண்டி விஷயம். இப்பப் பாத்துக்கோ."

மகாராணியின் முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு எழுந்து வந்து, அவரே பக்குவமாகக் கழற்றிவிட்டார்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தாங்குவியா?"

மகாராணி கத்தரிக்கோலை எடுத்தார். கழுத்துப் பட்டியின் நூலை வெட்டி உருவ ஆரம்பித்தார். உருவிய நூல் சிக்காமல் இருக்க என் மனைவி இரண்டு கையையும் நீட்டினாள். அந்தக் கைகளில் அவர் சுற்றிக்கொண்டே போனார். கை இரண்டும் கட்டுப்பட்ட ஒருத்தி, வாய் சும்மா இருக்குமா? பேசினாள். பேச்சுவாக்கில், தன் அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருவதைப் பற்றியும் சொன்னாள். மகாராணியின் கை நின்றது.

"எப்பலேர்ந்து? எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"மூணு தடவ சொன்னேன். நீ எண்ணிட்டிருந்தே."

மகாராணி அழுதுவிட்டார். நாலு மாதமும் எதிரில் இருந்தவளைப் பார்த்துப் பார்த்துப் பின்னியவர், அவள் சொன்ன ஒரு வார்த்தையையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நூல் தரையில் கிடந்தது. இருட்டும் வரை இருவரும் பேசினார்கள். நான் சமையலறையைக் கண்டுபிடித்து மூன்று முறை டீ போட்டேன். கிளம்பும்போது மகாராணி நாடாவை எடுத்து, முதல்முறையாக என் மனைவியின் தலையைச் சுற்றி அளந்தார். இவ்வளவு பெரிய தலையா என்று அவர் ஆச்சரியப்பட்டதை, இருபது வருஷச் சிநேகிதத்தை முன்னிட்டு அவள் மன்னித்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து அவள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். நிறம் இன்னமும் கொடுமைதான். ஆனால் பல்வலியோடு வந்த ஒரு பெரியவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாராம். அன்று முழுதும் மகாராணிக்குத் தரையில் கால் பாவவில்லை என்று என் மனைவி சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தையும் பார்க்க வேண்டுமே.

சிரிக்கிறீர்கள். ஊசியையே தொட்டதில்லை, நமக்கென்ன என்றுதானே? சரி. நண்பர் வீட்டுக்கு நீங்கள் ஒரு படம் வரைந்து கொடுத்திருப்பீர்கள், அல்லது பூந்தொட்டிக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்திருப்பீர்கள், குறைந்தபட்சம் படித்தே ஆகவேண்டும் என்று ஒரு புத்தகமாவது கொடுத்திருப்பீர்கள். அங்கே போனதும் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது? நண்பரின் முகத்துக்கா, கூடத்துச் சுவருக்கா? அடுத்த முறை போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் மணியை அடித்த பிறகு, உள்ளே யாரோ ஓடுகிற சத்தம் கேட்கும், நாற்காலி இழுபடும், சுவரில் ஆணி தட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும்.