ஆதிகேசவனின் நீலக் குட்டை

காலையில் ஊற்றிய ஒரு டேங்கர் தண்ணீர் மத்தியானச் சாப்பாட்டுக்குள் காணாமல் போயிருந்தது. யாரோ தூக்கிக்கொண்டு ஓடிவிட்டதுபோல ஆதிகேசவன் கரையில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். சேற்றுத் தண்ணீர் போட்டோவில் டீ மாதிரி தெரியுமே என்று இரண்டு பாட்டில் சொட்டு நீலம் வேறு கலந்திருந்தார். அந்த நீலமும் போயிருந்தது.

மழைநீரைச் சேமிக்கச் சொல்லி அரசாங்கம் உதவி செய்து வெட்ட வைத்த குட்டை அது. ஆனேக்கல் பக்கத்தில், அவருடைய அரை ஏக்கர் கீரைத் தோட்டத்தின் மேட்டில் இருந்தது. திட்டத்தில் எல்லாமே இருந்தது, மழை மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை விவசாய ஆபீஸ் மமதா மேடம் வந்து, நிறைந்த குட்டையோரம் விவசாயியை நிறுத்திப் போட்டோ எடுப்பார். குட்டை காய்ந்திருந்தால் திட்டத்திலிருந்து பேரை அடித்துவிடுவார்.

பேர் போனால் தோட்டமும் போகும். அடுகோடி லேத் பட்டறையில் முப்பது வருஷம் உழைத்து வாங்கிய நிலம். பள்ளத்துத் தோட்டக்காரர் டிரேவர் ரொம்ப நாளாக அதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பாஸாகவில்லையென்றால் அவருக்கே கொடுத்துவிட வேண்டும் என்று மனைவி பாஞ்சாலி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நீ விவசாயம் பண்ணது போதும்யா. கீரைய நான் மார்க்கெட்லயே வாங்கிக்கிறேன்."

அப்போதுதான் அவருக்கு அந்தக் கறுப்புத் தார்ப்பாய் ஞாபகம் வந்தது. குட்டைக்கு அடியில் விரிக்கச் சொல்லி ஆபீஸில் கொடுத்தது. அடுகோடி வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று அதைப் பாஞ்சாலி மேலே போட வைத்திருந்தாள். வியாழக்கிழமை காலை கூரையேறி அதைப் பிய்த்தெடுத்தார். பாஞ்சாலி கீழே நின்று கேட்டாள்:

"மழ வந்தா?"

"பத்து மாசமா வராத மழ இன்னிக்குத்தான் வரப்போவுதா?"

பஸ் ஆனேக்கல் சேர்வதற்குள் போன் வந்தது. அடுகோடியில் கொட்டு கொட்டென்று கொட்டுகிறதாம், கட்டிலுக்கு மேல் அண்டா வைத்திருக்கிறாளாம். ஆனேக்கலில் வானம் துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. ஆதிகேசவனுக்கு வயிறெரிந்தது.

தார்ப்பாயை விரித்து, டேங்கர் ஓட்டும் உமேஷிடம் இரண்டாவது டேங்கர் சொன்னார். வந்த தண்ணீர் லேசாக நீலமாகவே இருந்ததால் அரை பாட்டிலிலேயே காரியம் முடிந்தது. நல்ல தண்ணீர்தான் கொண்டுவருகிறான் என்று உமேஷை மனசாரப் பாராட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால் குட்டையில் ஒரு தவளைகூட முதுகை நனைக்க முடியாது. தார்ப்பாயில் வரிசையாக ஓட்டைகள். காற்றில் பறக்கக்கூடாதென்று கூரையில் அவரே பார்த்துப் பார்த்து அடித்த ஆணிகளின் வேலை. லேத் வேலைக்காரர் அல்லவா, ஒவ்வொன்றும் அளவெடுத்த மாதிரி சீராக இருந்தது.

மமதாவின் போன் வந்தது. கீழே டிரேவர் தோட்டத்தில் இருக்கிறாராம், அரைமணி நேரத்தில் மேலே வருவாராம். ஆதிகேசவன் உடனே உமேஷைக் கூப்பிட்டார். பத்தே நிமிஷத்தில் மூன்றாவது டேங்கர் வந்து நின்றது. இந்த முறை நீலம் கலக்க வேண்டிய அவசியமே இல்லை.

மமதா வந்தபோது குட்டை ஜிலுஜிலுவென்றிருந்தது. டேங்கர் கீரைக்குத் தண்ணீர் விட வந்ததென்று ஆதிகேசவன் கேட்காமலே விளக்கம் சொன்னார். அவர் அதைக் காதில் வாங்காமல், தண்ணீர் வற்றுவதற்குள் இரண்டு போட்டோ எடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆதிகேசவன் ஓடிப்போய்ப் பாஞ்சாலிக்குப் போன் செய்தார். நிலம் தப்பிவிட்டது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது மமதா ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஆதிகேசவன் சார், கீழ டிரேவர் சார் கிணறு பாத்தீங்களா? ஆறு வருஷமா காஞ்சு கெடந்தது, இப்ப ஆளுயரம் தண்ணி. தாலுக்காவுல சிறந்த நீர் சேமிப்பு விவசாயி விருதுக்கு அவர் பேர எழுதிட்டேன். நீங்களும் போய்க் கத்துக்கோங்க."

"அவரு குட்டையே வெட்டலியே மேடம்."

"அதான் திறமை."

ஜீப் போய்விட்டது. சற்றுமுன் இருந்த சந்தோஷமெல்லாம் ஆதிகேசவனுக்கு இறங்கிவிட்டது, குட்டையும் அரையடி இறங்கியிருந்தது. நிலத்தை விலை பேசிய ஆளுக்கு விருதாம். மேட்டில் வெயிலில் நின்று செத்தது யார், மாலை போட்டுக்கொள்ளப் போவது யார் என்று டேங்கர் டிரைவரிடமே புலம்பினார்.

உமேஷ் ஹோஸ் பைப்பைச் சுருட்டியபடி ஆறுதலாகச் சொன்னான்:

"விடுங்கண்ணா, மொத லோடு மட்டுந்தான் போர்வெல் தண்ணி, அப்புறம் ரெண்டு லோடும் அந்தக் கிணத்துலதான் புடிச்சேன்; நீங்க இங்க ஊத்த ஊத்த அங்க ஊறிக்கிட்டே இருக்கு."