ஊசி வைத்தால் பாடும்

லேப்டாப்பை எங்கே ஒளிப்பது என்றுதான் முத்துகுமரனுக்குத் தெரியவில்லை.

டர்ன்டேபிள் இரண்டையும் மேசைமேல் வைத்தாகிவிட்டது. நடுவில் மிக்ஸரும் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் லேப்டாப்புக்குத் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் அது கண்ணில் பட்டால் அவனுக்கு ஸ்ரீவித்யா கிடையாது.

ஸ்ரீவித்யாவின் அப்பா பால்வண்ணநாதனுக்கும் அம்மா கல்யாணசுந்தரிக்கும் அன்று குற்றாலத்து மண்டபம் ஒன்றில் அறுபதாம் கல்யாணம். காலையில் ஹோமமும் தாலிகட்டும் நல்லபடியாக முடிந்து, சாயங்கால வரவேற்புக்குச் சொந்தபந்தம் சாரலில் நனைந்துகொண்டே வந்துகொண்டிருந்தது. பாட்டுக்கு முத்துகுமரன் பொறுப்பு. அவன் தென்காசியில் டிஜே. பால்வண்ணநாதன் அவனுக்குத் தூரத்து உறவில் மாமா. அந்தத் தூரத்தைக் குறைத்து மாமனாராக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. ஸ்ரீவித்யாவுக்கும் அதே ஆசைதான்.

மாமாவுக்குக் கீழப்பாவூரில் வயல், தென்காசியில் வீடு, வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர். இந்த மூன்றில் அவர் தினமும் துடைத்து வைப்பது மூன்றாவதைத்தான். போன மாதம் பெண் கேட்கிற யோசனையோடு முத்துகுமரன் போனபோதும் பேச்சு முழுக்க அந்தப் பெட்டியைப் பற்றியே இருந்தது. இசைத்தட்டின் பெயரைச் சபையில் அறிவிப்பதுபோல உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அதை வைத்தார். ஊசியை இறக்கியதும் அது பாடவில்லை. நல்ல மெசின் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டுதான் பாடும் என்றார். பாடியது. ஊசியைத் தூக்கிய பிறகும் இரண்டு வார்த்தை வந்தது. அது பழைய மெசினின் மரியாதையாம், பேசிக்கொண்டிருக்கையில் பட்டென்று வாயை மூடாதாம். கல்யாணசுந்தரி வெளியூர் போயிருந்தால் அது பாடவே பாடாது என்றும், வீட்டு லட்சுமி வாசலைத் தாண்டினால் சங்கீதமும் தாண்டிவிடும் என்றும் பெருமையாகச் சொன்னார். அத்தை அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் மாமா பெண் விஷயத்துக்கு வந்தார்.

"பென்டிரைவைச் சொருகிட்டுப் பக்கத்துல நின்னு ஆடுத பயலுக்கு எம் பொண்ணு கிடையாது. நீ எப்படிலே?"

"நானும் தட்டுலதான் போடுதேன் மாமா."

அது பொய் இல்லை. அரை உண்மை. முழுப் பொய்யைக்கூட ஒருமுறை சொல்லிவிட்டுப் போய்விடலாம், அரை உண்மைக்குத்தான் ஆயுள் முழுக்க வேலை செய்ய வேண்டியிருக்கும்.

முத்துகுமரனிடம் இருப்பதும் கறுப்புத் தட்டுதான், அதன்மேல் இறங்குவதும் ஊசிதான். ஆனால் அந்தத் தட்டில் பாட்டு கிடையாது. நேராகக் கேட்டால் 'கீ' என்று ஒரே இரைச்சல். ஊசி எந்த இடத்தில் நிற்கிறது, தட்டு என்ன வேகத்தில் சுற்றுகிறது, முன்னால் ஓடுகிறதா பின்னால் ஓடுகிறதா என்பதையெல்லாம் அந்த இரைச்சல் லேப்டாப்புக்குச் சொல்லும். பாட்டு லேப்டாப்புக்குள் இருக்கும். தட்டைக் கையால் பின்னால் இழுத்தால் பாட்டும் பின்னால் போகும். பார்க்கிறவர்களுக்குத் தட்டே பாடுவதாகத்தான் தோன்றும்.

இதை மாமாவிடம் விளக்கப் போனால் பென்டிரைவுக்கு அண்ணன் என்று சொல்லி வாசலைக் காட்டிவிடுவார். அதனால் முத்துகுமரன் விளக்கவில்லை. மாமா மகிழ்ந்துபோய், தன் அறுபதாம் கல்யாணத்துக்கு அவன்தான் தட்டு போட வேண்டும், அதைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்று சொல்லிவிட்டார்.

"மேசைக்கு அடியில வச்சிரு. நான் பட்டுத்துணி கொண்டாந்திருக்கேன், முன்னால தொங்க விட்டுருவோம்" என்றாள் ஸ்ரீவித்யா.

லேப்டாப் அடியில் போனது. யார் கண்ணிலும் படவில்லை, முத்துகுமரன் கண்ணிலும்தான். பாட்டை மாற்ற ஒவ்வொரு தடவையும் குனிந்து துணிக்குள் தலையை விட்டால் அவன் எதையோ திருட்டுத்தனமாகத் தின்கிறான் என்று நினைப்பார்கள். அடியில் ஒரு ஆள் வேண்டும்.

மாடன் அண்ணாச்சி கிடைத்தார். அவர் குத்துக்கல்வலசையில் சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர். மண்டபத்து ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் அவருடையவை. காலையில் ஹோமத்தின்போது கல்யாணசுந்தரி அத்தையின் போனை ப்ளூடூத்தில் ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து, தேவாரம் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற அகலம்.

"இம்புட்டு வருசமா சவுண்டு சர்வீஸ் நடத்துதேன் தம்பி. மேசைக்கு அடியில இருந்து நடத்துனதில்ல" என்று சொல்லிக்கொண்டே மடங்கி உள்ளே போனார்.

முத்துகுமரன் ஏற்பாட்டைச் சொன்னான். பாட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறான். அவன் காலால் ஒரு தட்டு தட்டினால் அடுத்த பாட்டை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

முதல் பாட்டு தொடங்கியது. மேடையில் மாலையும் கழுத்துமாக நின்ற மாமா புருவத்தை உயர்த்தி ரசித்தார். அதைப் பார்த்த சந்தோஷத்தில் முத்துகுமரன் தாளத்துக்குக் காலைத் தட்ட ஆரம்பித்தான். டிஜேக்குக் கால் சும்மா நிற்குமா? ஒவ்வொரு தட்டுக்கும் மாடன் அண்ணாச்சி கடமை தவறாமல் அடுத்த பாட்டை எடுத்தார். நலங்குப் பாட்டு இரண்டு சொல் பாடி, டூயட்டில் பாதிச் சிரிப்பு சிரித்து, தவிலில் ஒரு அடி அடித்து, தாலாட்டில் வந்து நின்றது. அறுபதாம் கல்யாணத்தில் தாலாட்டைக் கேட்டு முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முத்துகுமரன் தொடையைக் கையால் அழுத்திக் காலை அடக்கினான். அதன்பிறகு எந்தப் பாட்டுக்கும் அசையாமல், கொடியேற்றத்துக்கு நிற்கிறவனைப்போல விறைத்து நின்றான். இதைக் கவனித்த உறவுக்காரப் பெண்மணி ஒருத்தர், பையனுக்கு ஒரு கால் வராது போலிருக்கிறதே, இது தெரிந்துதான் பெண் கொடுக்கிறார்களா என்று ஸ்ரீவித்யாவிடமே விசாரித்தார்.

ஸ்ரீவித்யா மேசைக்கு ஓடிவந்தாள். "காலை ஆட்டு. ஒனக்குக் கால் வராதுன்னு பேசுதாக."

"ஆட்டுனா பாட்டு மாறும்."

"அப்போ இடுப்பை ஆட்டு."

அவன் இடுப்பை மட்டும் ஆட்டினான். அது பார்க்க இன்னும் சங்கடமாக இருந்தது.

இந்த நேரத்தில் மாமா மேடையைவிட்டு இறங்கி நேராக மேசைக்கு வந்தார். அதற்கும் ஒரு முன்னேற்பாடு இருந்தது. முத்துகுமரனின் தட்டுகளில் பாட்டுப் பெயர் இருக்காதே என்று ஸ்ரீவித்யா வீட்டுத் தட்டுகளின் நடுவில் இருந்த வட்டச் சீட்டுகளைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, வெட்டி ஒட்டியிருந்தாள். புத்திசாலிப் பெண். சுற்றும்போது எந்த எழுத்தும் தெரியாது என்று கணக்குப் போட்டிருந்தாள். மாமா கைநீட்டித் தட்டை நிறுத்துவார் என்று கணக்குப் போடவில்லை.

பாட்டு நின்றது. மாமா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார். "வீணைன்னு போட்டிருக்கு. பொம்பளைக்குரல்லா பாடிச்சு?"

"கம்பெனிக்காரன் சீட்டை மாத்தி ஒட்டிட்டான் மாமா."

"மறுபக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் தட்டைத் திருப்பிப் போட்டு ஊசியை வைத்தார். அதே பொம்பளைக்குரல் அதே பாட்டைப் பாடியது. பக்கத்து டர்ன்டேபிளில் இருந்த தட்டை எடுத்து இங்கே போட்டுப் பார்த்தார். அதிலும் அந்த அம்மாளே பாடினார்.

முத்துகுமரன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "ரொம்பப் பிரபலமான பாட்டு மாமா. ஒரு பக்கம் தேஞ்சா மறுபக்கம் இருக்கட்டும்னு ரெண்டு பக்கமும் போட்டுருவாங்க. ஒரு தட்டு ஒடைஞ்சா இன்னொண்ணு."

இந்தப் பதிலை நம்பினால் அவனைவிட அவர்தான் பாவம். மாமா நம்பினார். நம்பியதோடு நிற்காமல் நெகிழ்ந்துபோனார். "அந்தக் காலத்து ஆளுக எம்புட்டு யோசிச்சிருக்காக பாத்தியா" என்று சொல்லிவிட்டு, அவன் தோளில் கைபோட்டார். தன் கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வர வித்வானின் மல்லாரி ஒன்று தட்டாக வந்ததாகவும், அதை இன்றைக்காகப் பட்டில் சுற்றிக் கொண்டுவந்திருப்பதாகவும், அவனுடைய மெசினில் சபை நடுவே தானே வைக்கப்போவதாகவும் சொன்னார். தட்டை எடுத்துவரக் காருக்குப் போனார்.

டர்ன்டேபிளின் வயர் நேராக லேப்டாப்புக்குத்தான் போகிறது. நிஜத் தட்டை வைத்தால் லேப்டாப் திருதிருவென்று விழிக்கும், சத்தம் வராது. உள்ளே ஒரு செட்டிங்கை மாற்றினால் வரும். அதை மாற்ற வேண்டியவர் அடியில் இருக்கிறார். முத்துகுமரன் காலால் தட்டினான். பாட்டு மாறவில்லை. மறுபடி தட்டினான். துணியை விலக்கிக் குனிந்து பார்த்தான்.

மாடன் அண்ணாச்சி இல்லை. அடியில் அடுப்புபோலக் கொதித்ததால் அவர் லேப்டாப் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தன் ஈரத்துண்டை அதன்மேல் போர்த்திவிட்டு, பின்பக்கமாக ஊர்ந்து பந்திக்குப் போய்விட்டிருந்தார். காற்று போகும் வழியெல்லாம் துண்டு அடைத்துக்கொண்டது. முத்துகுமரன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை ஒருமுறை மினுக்கி அணைந்தது. மண்டபத்தில் பாட்டு நின்றுபோனது.

நிமிர்ந்தால் எதிரே மாமா, கையில் பட்டுச் சுருள்.

"என்னலே, நிப்பாட்டிட்ட?"

"ஒங்க தட்டுக்காகத்தான் மாமா. வேற பாட்டோட கலக்கக் கூடாதுல்லா."

மாமாவின் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு மரியாதை தெரிந்த பையனை அவர் பார்த்ததில்லை. மைக்கை வாங்கினார். கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல், பழைய முறைப்படி, ஊசியும் தட்டுமாகத் தொழில் செய்கிற ஒரு பிள்ளையைச் சபைக்குக் காட்டுகிறேன் என்றார். சபை திரும்பி மேசையைப் பார்த்தது. சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்கூட இலையை மூடிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஸ்ரீவித்யா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொள்கிற பாவனையில் மூடிக்கொண்டாள்.

மாமா தட்டின் பெயரை உரக்கச் சொன்னார். "எங்க கல்யாணத்து மல்லாரி. கம்பீரநாட்டை ராகம்."

தட்டை வைத்தார். ஊசியை இறக்கினார்.

ஒன்றும் வரவில்லை. தட்டு மட்டும் சுற்றியது. மண்டபத்து ஓட்டில் சாரல் விழும் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்தது என்று முத்துகுமரன் கண்ணை மூடிக்கொண்டான். உண்மையை இப்போதே சொல்லிவிடுவதா, பின்வாசல் வழியாகச் செங்கோட்டைப் பக்கம் ஓடிவிடுவதா என்று யோசித்தான்.

ஒரு மூச்சு நேரம் போனது. பிறகு தவில் விழுந்தது. அதன்மேல் நாதஸ்வரம் கம்பீரமாக எழுந்தது.

"நல்ல மெசின்தான். மூச்சு வாங்குது பாரு" என்றார் மாமா.

முத்துகுமரன் கண்ணைத் திறந்து மறுபடி குனிந்து பார்த்தான். லேப்டாப் கட்டையாகக் கிடந்தது. வயரைத் தொட்டுப் பார்த்தான், ஈரம்தான் இருந்தது. மேலே மல்லாரி இடியும் மழையுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் பார்த்த தொழிலில் இப்படி நடந்ததே இல்லை. நடக்கவும் முடியாது. மல்லாரி முடிவுக்கு வரும் முன்பே மாமா பூப்போல ஊசியைத் தூக்கினார். ஊசி அந்தரத்தில் நின்றது. நாதஸ்வரம் மேலும் இரண்டு சுற்று வாசித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. முத்துகுமரனுக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்தது. எந்தச் சாமிக்கு என்ன வேண்டிக்கொண்டோம் என்று நினைத்துப் பார்த்தான்.

"மரியாதை" என்றார் மாமா மைக்கில். "ரெண்டு மெசின்லதான் இந்த மரியாதையைப் பாத்திருக்கேன். ஒண்ணு எங்க வீட்ல, இன்னொண்ணு இந்தப் பய கிட்ட. எம் பொண்ணு ஸ்ரீவித்யாவை இவனுக்குத்தான் குடுக்கேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஸ்ரீவித்யா முந்தானையை எடுத்துவிட்டு ஒரே ஒரு பார்வை பார்த்தாள். முத்துகுமரனுக்கு அது போதும்போல இருந்தது. ஆனாலும் நெஞ்சு உறுத்தியது. இவ்வளவு நல்ல மனுஷரை ஏமாற்றி அவர் வீட்டு மாப்பிள்ளையாவது நியாயமாகப்படவில்லை. மாமாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. அத்தையிடம் சொல்லலாம்.

மேடையில் அத்தை தனியாக உட்கார்ந்திருந்தார். காலில் விழுந்து எழுந்து, மெல்லிய குரலில் சொன்னான்.

"அத்தை, ஒரு உண்மை சொல்லணும். நான் போட்ட பாட்டு எதுவும் தட்டுல இருந்து வரல. மாமா வச்ச தட்டும் பாடியிருக்காது. அது எப்படிப் பாடிச்சுன்னு சத்தியமா எனக்கே தெரியல."

அத்தை மேடைக்குக் கீழே பார்த்தார். மாமா யாரிடமோ ஊசியின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை அறுபதாம் கல்யாணப் பட்டுச்சேலையின் மடிப்புக்குள்ளிருந்து போனை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"வீட்டுப் பெட்டியில ஊசி ஒடிஞ்சு வருசக்கணக்காச்சு மருமவனே. உள்ள ஒரு குட்டி ஸ்பீக்கரை ஒளிச்சு வச்சிருக்கேன். அவுக பாட்டுப் பேரைச் சொல்லித் தட்டை வச்சா எங் கை தானா போனுக்குப் போயிரும். இனிமே இந்த வேலையை நீ பாத்துக்கோ."