செல்ஃப் முசியேவின் வைத்தியம்

ஓடாத காரைப் பார்த்ததும் அதன் நோயை அவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடியவர் புதுச்சேரியில் வேறு யாரும் இருந்ததில்லை. அவ்வளவு உறுதியாகத் தவறாகச் சொன்னவரும் வேறு யாரும் இல்லை.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் அவர். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. பென்ஷன் ஆபீசுக்கும் பங்குச் சாமியாருக்கும் மட்டும் அது தெரியும். தெருவுக்கு அவர் செல்ஃப் முசியே. முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. சாவியைத் திருப்பினால் எஞ்சினைச் சுழற்றிவிடும் மோட்டாரை நம் பக்கத்தில் செல்ஃப் என்கிறோம். அந்த செல்ஃப் நன்றாகச் சுற்றி, எஞ்சின் மட்டும் பற்றிக்கொள்ளாமல், 'கிர்ர்... கிர்ர்ர்...' என்று ஏதாவது ஒரு கார் அழுதால் போதும், அவர் வீட்டுக் கதவு படாரென்று திறக்கும். கையில் பாதி கடித்த ரொட்டி, இடுப்பில் கைலி, தலையில் ராணுவத் தொப்பி.

"நிறுத்து! சாவிய எடு! பேட்டரியக் கொல்லாத!"

அந்தச் சத்தம் இரண்டு தெரு தள்ளிக் கேட்டாலும் அவர் காதுக்கு வந்துவிடும். சலூனில் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்து ஓடியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே கோயிலை விட்டு வெளியேறினார். திரும்பி வந்தபோது பங்குச் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "என்னவாம்?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். நான் அந்தக் கோயிலுக்குப் போகிறவன் அல்ல. ஆனாலும் நம்புகிறேன்.

இதில் விசேஷம், அவருக்குக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. "டாங்கியவே பிரிச்சுப் பாத்தவன் சார் நானு" என்பார். அவர் மனைவியை நாங்கள் பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்போம். அந்த அம்மாள் உள்ளே இருந்தபடியே திருத்துவார்: "ஆமா, ஜன்னல் வழியாப் பாத்தாரு. இவரு ராணுவச் சமையக்கட்டுல உக்காந்து உருளக்கெழங்கு உரிச்சிக்கிட்டு இருந்தாரு."

என் காரை அவர் முதலில் பார்த்தது ஒரு மழைக்காலத்துக் காலையில். செல்ஃப் சுற்றுகிறது, கார் கிளம்பவில்லை. முசியே வந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக் கண்ணை மூடினார். எஞ்சின் அப்போது ஓடவில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"பெட்ரோல் பம்பு செத்துப்போச்சு சார். அடக்கம் பண்ண வேண்டியதுதான்."

எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் காதர் பாய் வந்து பார்த்தார். பம்பு நன்றாக இருந்தது. பிளக் ஒயரில் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. துடைத்து மாட்டினார், கிளம்பிவிட்டது.

அடுத்து, தெருக்கோடி டாக்டரின் கார். "டைமிங் பெல்ட் அறுந்துபோச்சு" என்றார் முசியே. எலி ஒரு ஒயரைக் கடித்திருந்தது.

பிறகு ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீடு எங்கள் தெருவில். பூ சுற்றிய கார் வாசலில் நின்று 'கிர்ர்' என்கிறது. முசியே பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"தண்ணி கலந்த பெட்ரோலு. அத்தனையும் எறக்கு!"

ராணுவத் தொப்பி போட்டவர் ஆணையிட்டால் கல்யாண வீட்டில் யார் கேள்வி கேட்பார்கள்? குழாய் போட்டு உறிஞ்சி, கையில் கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் பெட்ரோலை இறக்கினார்கள்.

"ஐயோ, என் இட்லிக் குண்டான்!" என்று மாப்பிள்ளையின் அம்மா அலறினார்.

"குண்டான் போனா வேற வாங்கிக்கலாம் மதாம். மாப்ள போனா?"

கடைசியில் மாப்பிள்ளை ஷேர் ஆட்டோவில், மாலை வெளியே பறக்கப் போய்ச் சேர்ந்தார். காதர் பாய் வந்து சாவியை வாங்கிப் பார்த்தார். அது கடையில் வெட்டிய டூப்ளிகேட் சாவி. அசல் சாவிக்குள் இருக்கும் சிப் அதில் இல்லை. வேறு யாரோ திருடுகிறார்கள் என்று நினைத்து கார் மறுத்திருக்கிறது. அசல் சாவி மாப்பிள்ளையின் தம்பியின் வேறொரு பேண்ட்டில் இருந்தது.

இப்படியே போனதில் காதர் பாய் ஒரு முறையைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் தெருவிலிருந்து போன் போனால் அவருடைய முதல் கேள்வி இதுதான்:

"முசியே இன்னா சொன்னாரு?"

"பம்பு என்றார்."

"சரி, அப்ப பம்பு இல்ல. பாதி வேல முடிஞ்சிச்சி சார். வர்றேன்."

கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்தவன் நான். ஒன்று எப்போதும் தவறாகவே சொல்லுமானால், அதைத் திருப்பிப்போட்டு நம்புவதும் எப்போதும் சரியாகவே சொல்வதை நம்புவதற்கு அருகில்தான் வரும். பாயின் முறையில் எனக்குக் குறை தெரியவில்லை. முசியேவுக்கோ அதன் அடிப்படை தெரியாது. "மேட்டுப்பாளையத்துல இருந்து எங்கிட்ட கேட்டுட்டுத்தான் கெளம்பறாங்க" என்று ரொட்டிக்கடையில் சொல்லிக்கொள்வார். அது உண்மையும்கூட. தெருவே அறிந்த ரகசியம். ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நல்ல தெரு அது. அதில் கெட்டவன் நான்தான்.

வீராம்பட்டினம் தேர்த் திருவிழா அன்று என் சம்பந்தி வீட்டார் கடலூரிலிருந்து வந்திருந்தார்கள். பட்டுப் புடவைகளும் வேட்டிகளுமாக எல்லோரும் காரில் ஏறி நெருக்கி உட்கார்ந்தாயிற்று. சாவியைத் திருப்பினேன். கிர்ர்ர். மறுபடி திருப்பினேன். கிர்ர்ர். சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கதவு படாரென்றது. "நிறுத்து! பேட்டரியக் கொல்லாத!"

முசியே பானெட்டுக்குள் தலையை விட்டார். வெயில் ஏறியது. உள்ளே சம்பந்தி அம்மாள் விசிறிக்கொண்டார். முசியே நிதானமாக வெளியே வந்து சொன்னார்: "இஞ்செக்டர் அடச்சிக்கிச்சி சார். மொத்தமா கழட்டணும். தேரு அடுத்த வருசமும் வரும்."

சம்பந்தி சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை.

"முசியே, பாய் உங்களை எதற்குக் கேட்கிறார் தெரியுமா? நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அது மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ள. இந்தத் தெரு முழுக்கத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

வகுப்பில் பேசுகிற குரலில், ஒவ்வொரு வார்த்தையும் புரியும்படி சொன்னேன்.

அவர் பானெட்டைச் சத்தம் வராமல் இறக்கி, கையால் அழுத்தி மூடினார். "பர்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் அல்ல, காருக்குள் இருந்த பெண்களிடம். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் காதர் பாய்க்குப் போன் செய்தேன். பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், பெட்ரோல் இருக்கா?" என்றார்.

இல்லை. பெட்ரோல் அளவு காட்டும் முள் பாதியில் சிக்கி நின்றிருந்தது. நான் அதை நம்பியிருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் கார்கள் கேட்பாரற்று அழுதன. டாக்டரின் கார் ஒருநாள் காலையில் பேட்டரி தீரும்வரை கிர்ரிட்டது. எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. மதாம் என் மனைவியிடம் சொன்னார்: "சத்தம் கேட்டா ரேடியோவப் பெருசா வெச்சிடறாரு. ரொட்டிய நாய்க்குப் போட்டுடறாரு. இன்னா ஆச்சின்னு கேட்டா ஒண்ணும் இல்லங்கறாரு."

காதர் பாயும் சலித்துக்கொண்டார். "முசியே இல்லாம எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல சார்."

மன்னிப்புக் கேட்கப் போனேன். கூடத்தில் உட்கார வைத்தார். காபி கொடுத்தார். மழை தள்ளிப்போவதைப் பற்றிப் பேசினார். நான் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "இருக்கட்டும் சார், இருக்கட்டும் சார்" என்று பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அவர் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். பிஸ்கட் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

வேறு வழி தோன்றவில்லை. காதர் பாய்க்குப் போன் செய்து, "பாய், என் கார் கிளம்பாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன்.

"சார், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

விஷயத்தைச் சொன்னேன். பாய் கேட்டுக்கொண்டு, பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் போகிற ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். நகத்தளவு பிளாஸ்டிக். பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரம் பார்த்துச் சாவியைத் திருப்பினேன். கிர்ர்ர்.

எதிர்வீட்டு ரேடியோ உயர்ந்தது. நான் விடவில்லை. கிர்ர்ர். கிர்ர்ர்ர்.

"என்னங்க, அந்தப் பேட்டரி உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சி?" என்று என் மனைவி வாசலுக்கு வந்தாள்.

கதவு திறந்தது. படாரென்று அல்ல, மெதுவாக. தொப்பி இல்லை. ரொட்டி இல்லை. வந்து, பானெட்டைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"சாவியத் திருப்புங்க சார். ஸ்டார்ட் பண்ண வேணாம். சும்மா ஆன் மட்டும் பண்ணுங்க."

பின்கதவைத் திறந்து சீட்டுக்கு அருகே காதை வைத்தார். ஸ்க்ரூடிரைவர் இல்லாத வெறும் காது.

"ஆஃப் பண்ணுங்க. மறுபடி."

திருப்பினேன். நிமிர்ந்து, பள்ளிக்கூடத்துப் பையனைப் போலத் தயங்கினார். இத்தனை வருடத்தில் அவர் தயங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

"ஆன் பண்ணதும் இங்க ஒரு மொனகல் கேக்கணும். பம்பு ஓடற சத்தம். அது வரல. பம்புக்குக் கரண்டே போவலன்னு நெனக்கிறேன். ஃபியூஸா இருக்கும். நான் சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. பாய்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

என் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அவர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாகச் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னால் என் திருட்டு வெளியே வரும். சொல்லாவிட்டால் இதுவும் தவறு என்று நினைத்துக்கொண்டு அவர் கதவைச் சாத்திக்கொள்வார். தர்க்கவியலில் இதற்குப் பெயர் உண்டு. பெயர் தெரிந்து பயனில்லை. ஃபியூஸை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"நீங்கள் சொன்னது சரி, முசியே."

ஃபியூஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்களே புடுங்கினீங்களா?"

"ஆமாம்."

"எதுக்கு?"

"நீங்கள் வரவில்லையே."

அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியவில்லை. கோபித்துக்கொள்ள எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது. நெடுநேரம் அந்தப் பிளாஸ்டிக் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புடுங்கனது யாரா வேணா இருக்கட்டும் சார்," என்றார் கடைசியில். "கண்டுபுடிச்சது யாரு?"

"நீங்கள்தான்."

"பாய் இல்ல?"

"பாய் இல்லை."

அவ்வளவுதான். வீட்டுப் பக்கம் திரும்பித் தெரு அதிரக் கத்தினார்: "அடியே! வெளிய வா! வரும்போது தொப்பிய எடுத்துக்கினு வா!"

இப்போது எங்கள் தெருவில் எந்தக் கார் கிளம்ப மறுத்தாலும், பானெட்டைத் திறக்கும் முன்பே "ஃபியூஸு!" என்று கூவுகிறார். இதுவரை ஒன்றில்கூட அது ஃபியூஸாக இருந்ததில்லை. கடவுள் நம்பிக்கை எனக்கு அவ்வளவாகக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு முறை அந்தச் சத்தம் கேட்கும்போதும், இந்த ஒரு காரிலாவது அது ஃபியூஸாகவே இருந்துவிடட்டும் என்று வாசலில் நின்று வேண்டிக்கொள்கிறேன்.