தெய்வநாயகத்தின் இடுப்பு

மலையேறிய முதல் நாளே தெய்வநாயகம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த ஜென்மத்தில் மண்வெட்டியைத் தொடுவதில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஜாலான் பெண்டஹாரா என்ற கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டி மடித்துப் பழகிய கைகள் அவை. ஜப்பான்காரன் வந்தான், துணி போனது. கடையைச் சாத்தினார்கள். பின்னாலேயே அரிசியும் போனது. மலைச்சரிவில் எதையாவது நட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு வந்தது. அவர் குடியிருந்த காஜா பெராங்கிலிருந்து பல குடும்பங்கள் சட்டி பானையோடு புக்கிட் காதில் மலைக்குப் போய், லாலாங் புல்லை வெட்டி, குடிசை போட்டு, மரவள்ளி நட ஆரம்பித்தன.

மலாய்க்காரர் சொல்லும் 'காதில்' நம்முடைய கட்டில்தான். அந்த மலையில் பெயருக்கு மரியாதை கொடுத்து நடந்துகொண்டவர் தெய்வநாயகம் ஒருவர்தான்.

முதல் நாள் நாலு வெட்டு வெட்டினார். இடுப்பில் சுளுக்கென்று ஒரு பிடி. அன்றைக்கு வலி நிஜம். மறுநாளிலிருந்து அது கொள்கை.

மனைவி சாரதாம்பாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாயை விரித்துக் கொடுத்தாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மண்வெட்டியைத் தூக்கித் தோளில் போட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று தெய்வநாயகம் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து அவள் ஒரு கூடை கிழங்கைப் பாயோரம் வைத்தாள். படுத்துக்கொண்டே தோலுரிக்கலாமே, இடுப்புக்கு ஒன்றும் ஆகாதே என்றாள். நியாயமாகத்தான் பட்டது. உரித்தார். பிறகு, உட்கார்ந்தபடி அடுப்பில் விறகு தள்ளலாமே என்றாள். தள்ளினார். பிறகு, தள்ளுகிறவர் எட்டி ஒரு கிளறு கிளறிவிட்டால் என்ன என்றாள். ஒரு மத்தியானம் பக்கத்துக் கொல்லை பிச்சை எட்டிப் பார்த்து, குழம்புக்கு என்ன புளி போடுகிறீர்கள் அண்ணே என்று விசாரித்தபோதுதான், அந்த வீட்டுச் சமையல்காரர் யார் என்பது தெய்வநாயகத்துக்கே தெரிந்தது.

அதற்குள் வெளியே வேறென்னென்னவோ நடந்துவிட்டிருந்தது. காஜா பெராங்கில் ஆம்பிளைகள் பேச்சுக்குரல் கேட்டால் சாரதாம்பாள் வாசல் பக்கமே வரமாட்டாள். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டெடுப்பாள். மலையில் அந்த வழக்கமெல்லாம் புல்லோடு வெட்டுப்பட்டது. வெயில் ஏறுமுன் கொல்லைக்குப் போகவேண்டியவள் முதலில் சாப்பிட்டாள். அடுப்படியில் இருந்தவர் மிச்சத்தைச் சாப்பிட்டார். கெபாயாச் சட்டை போட்ட, தலைமுறைகளாக மலாயே பேசி வந்த செட்டி வீட்டுப் பெண் சீதாவுக்குத் தமிழ் வராது. சாரதாம்பாளுக்கு மலாய் வராது. இரண்டு பேரும் கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டே மேலும் கீழும் உள்ள கொல்லைக்காரர்களை ஒன்று சேர்த்தார்கள். இன்று உன் கொல்லையில் எல்லோரும், நாளை என் கொல்லையில் எல்லோரும் என்று ஏற்பாடு. சரிவுக்குக் குறுக்கே படிகளாக மண்ணை வெட்டி நிறுத்தினார்கள்.

ஒருநாள் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று தெய்வநாயகம் காலையில் கதவைத் திறந்தார். மூடுபனி மெதுவாக விலகியது. ஒரு படி தெரிந்தது. அதற்கு மேல் இன்னொன்று. அதற்கும் மேலே, மேலே, பச்சைப் பச்சையாக ஏறிக்கொண்டே போய் மேகத்துக்குள் நுழைந்தது. ஒரு பிடி மண் நகரவில்லை. உச்சியில் எறும்பளவில் ஓர் உருவம் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. தன் பெண்டாட்டி என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோபுரத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அகப்பை கையில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மலையடிவாரத்துக்கு ஆள் சேர்க்கும் குமாஸ்தாவான கிராணி லாரியோடு வந்தார். சயாமில் ஜப்பான்காரர்கள் ரயில் போடுகிறார்கள், மூன்று மாத வேலை, கட்டத் துணி, மூன்று வேளையும் அரிசிச் சோறு என்று முழங்கினார். தெய்வநாயகத்தின் காதில் விழுந்தது கடைசி இரண்டு சொற்கள் மட்டும்தான். அரிசிச் சோற்றின் முகத்தைப் பார்த்து எத்தனை காலம்! சோறும் ஆச்சு, ஆம்பிளையாக நாலு காசு சம்பாதிக்கப் போனதும் ஆச்சு. மனைவிக்குத் தெரியாமல் நழுவிப் போய் வரிசையில் கீழ்க்கொல்லைத் தம்பிராஜாவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அவர் முறை வரும்போது சாரதாம்பாள் ஓட்டமாக வந்து சேர்ந்தாள். முழங்கால் வரை சேறு. பின்னாலேயே சீதாவும் பிச்சையும்.

"ஐயா, இவங்களுக்கு இடுப்பு போயிருச்சு. கொண்டுபோனா நீங்கதான் தூக்கிச் சுமக்கணும்."

"பொய்," என்றார் தெய்வநாயகம். "என் இடுப்பு இரும்பு."

கிராணி சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். சாமி சத்தியமாகச் சொன்னார் பிச்சை, இந்த மனுஷன் நிமிர்ந்து நின்றதை மலையில் ஒருத்தரும் பார்த்ததில்லை என்று. சீதா மலாயில் அதையே சொல்லி, இடுப்பைப் பிடித்து நடந்தும் காட்டினாள். ஒவ்வொருவரும் உண்மையாகவே நம்பியதைத்தான் சொன்னார்கள்.

"சந்தேகமா இருந்தா, அந்தக் கிழங்கு மூட்டையத் தூக்கச் சொல்லுங்கய்யா," என்றாள் சாரதாம்பாள் பணிவாக.

அவள் சொன்னது பொய்யென்று நிரூபிக்க இதைவிட நல்ல வழி ஏது? தெய்வநாயகம் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தார். மூட்டையைக் கட்டிப் பிடித்து ஒரு தம் பிடித்தார். பாயிலேயே கிடந்து பஞ்சாகிப் போயிருந்த இடுப்பில் பட்டென்று ஏதோ ஒன்று அறுந்தாற்போல் இருந்தது. குனிந்தவர் குனிந்தவர்தான். கிராணியின் செருப்பைத் தவிர வேறொன்றும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தச் செருப்பும் சலிப்போடு நகர்ந்து போனது. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

லாரி போய்விட்டது. தெய்வநாயகத்தைச் சாக்கில் கிடத்தி நாலு பேர் மேலே தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு மூலையைப் பிடித்திருந்தவள் சாரதாம்பாள். அவளோடு வெகுநாள் அவர் பேசவில்லை. சோற்றைக் கெடுத்தவளிடம் என்ன பேச்சு?

ஜப்பான்காரன் போன பிறகு தம்பிராஜா திரும்பி வந்தான். வந்தது அவன்தானா என்று அவனுடைய தாயாரே தயங்கினாள். தோலும் எலும்பும், கண் மட்டும் பெரிதாக. அந்த லாரியில் போனவர்களில் வேறு யாரும் வரவில்லை. காட்டில் மழையிலும் பேதியிலும் அவர்கள் எப்படி எப்படிப் போனார்கள் என்று தம்பிராஜா மெல்லிய குரலில் சொல்லச் சொல்ல, தெய்வநாயகம் தன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அன்று குடிசைக்கு வந்து அடுப்பெதிரே உட்கார்ந்தார். சாரதாம்பாள் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சயாமுக்குப் போன சீதாவோட கொழுந்தன்கிட்டேருந்து ஒரு சேதியும் வரலை. யாருக்குமே வரலைன்னா என்ன அர்த்தம்?"

"அதில்ல. என் இடுப்பு."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டாம் நாளே தெரியும்."

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"நல்லா வேலை செய்யிற ஆம்பிளையத்தானே ஜப்பான்காரன் பிடிச்சிட்டுப் போவான்? நீங்க நோயாளின்னு இந்த மலையே நம்பணும்ல."

தெய்வநாயகம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தக் காலையில் மேகத்துக்குள் நுழைந்த மலைகூட இவ்வளவு உயரமாகத் தெரியவில்லை. வாழ்நாளில் அவர் சொந்தமாக யோசித்துச் செய்த ஒரே சாமர்த்தியம் அந்த இடுப்பு வலிதான். அதையாவது விட்டுக்கொடுக்க மனசில்லாமல் மெல்லக் கேட்டார்.

"இருந்தாலும், நான் நடிச்சது நல்லாத்தானே இருந்தது?"

"எங்கங்க? பாதி நாள் இடது பக்கம் பிடிச்சீங்க, பாதி நாள் வலது பக்கம் பிடிச்சீங்க. கேக்கிறவங்களுக்கெல்லாம் நான்தான் வலி இடம் மாறுதுன்னு சொல்லிச் சமாளிச்சேன்."