பொரிச்சாமியும் புழக்கடைச் சோளமும்

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதம், கடவுள் ஆரணிக்கு ஒரு மணல் சட்டியில் வந்து இறங்கினார்.

மூடிக் கிடந்த ரைஸ் மில் களத்தில் கீற்றுக் கொட்டகை. உள்ளே புலித்தோல், அதாவது கோடு போட்ட வெல்வெட் துணி. அதன்மேல் பொரிச்சாமி. கண்ணமங்கலம் வழியாக வரும் பஸ்ஸில் நிற்க இடமில்லை. சேத்துப்பட்டிலிருந்து லாரி பிடித்து வந்தார்கள்.

சாமியின் முன்னால் தட்டு நிறைய மக்காச்சோளம். நீங்களே ஒரு மணியை எடுத்து அவர் கையில் தரவேண்டும். அதை உங்கள் நெற்றியில் ஒற்றுவார், தன் மார்பில் ஒற்றுவார், எந்த மொழிக்காரரும் சொந்தம் கொண்டாடாத ஏதோ மந்திரத்தை முணுமுணுத்துக் கொதிக்கும் மணலில் போடுவார். வெள்ளையாகப் பூத்தால் யோகம். கருகினால் தோஷம். தோஷத்துக்குப் பரிகாரம் உண்டு. இல்லாதவனுக்குக் கோழி, இருப்பவனுக்கு ஆடு, பட்டு நெய்கிறவனுக்குப் பட்டு. பரிகாரம் செய்தவர்களுக்கு அடுத்த தடவை தவறாமல் பூத்தது.

கண்ணகிக்கு இரண்டு முறை கருகியது.

அவளை அங்கே இழுத்துப் போனவள் செல்லியம்மாள். தன் மகன் சின்னதுரைக்குக் கண்ணகியை நிச்சயம் செய்திருந்தவள். தை மாதம் கல்யாணம். கருகிய மணியைச் சாமி கரண்டியால் தூக்கிக் காட்டினார்.

"தாயே, இவ கால் வச்ச வூட்ல புருசன் ஆயுசு நிக்காது. தறியில ஒரு முகூர்த்தப் பட்டு ஓடிகினு இருக்குதே, அதைக் கார்த்திகை தீபத்தன்னிக்கி அம்பாளுக்குச் சாத்திடுங்க. அப்பறம் பாக்கலாம்."

"தறியில இருக்கறது சாமிக்கு எப்டித் தெரிஞ்சுது!" என்று செல்லியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வரிசையில் நின்றபோது அந்தப் பட்டின் பெருமையை அவளேதான் ஊருக்கெல்லாம் கேட்கும்படி அளந்திருந்தாள். ஞானதிருஷ்டிக்குக் கண் வேண்டாம், காது போதும்.

கண்ணகியின் அப்பா தசரதன் முப்பது வருஷமாக ஊரார் வீட்டுக் கல்யாணங்களுக்கு நெய்தவர். சொந்த வீட்டுக்கென்று நெய்தது இந்த ஒன்றுதான். மயில்கழுத்து நிறம், அரக்கு பார்டர். சரிகை வாங்கும்போது நகத்தால் சுரண்டி, உள்ளே அசல் சரிகைக்கு அடையாளமான சிவப்பு இழை தெரிகிறதா என்று பார்க்காமல் காசு எடுக்கமாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் சாமியிடம் எதையும் சுரண்டிப் பார்க்கவில்லை.

"குடுத்துட்லாம்மா," என்றார். "நீ நல்லா இருந்தா போதும்."

பட்டு கைவிட்டுப் போவதைவிட, தன்னைப் புருஷனை விழுங்குகிறவள் என்று ஊர் பார்த்த பார்வைதான் கண்ணகியைச் சுட்டது.

பட்டின் தரத்தைப் பார்க்க ஒருநாள் சாமியே வீட்டுக்கு எழுந்தருளினார். அம்பாளுக்கு மட்டமான சரக்கைச் சாத்த முடியுமா? கொண்டுவந்திருந்த தட்டுச் சோளத்தில் ஒரு பிடி எடுத்துத் தறிமேல் தூவினார். பிறகு குனிந்து, சரிகையை ஆசையோடு தடவினார். தடவிய வேகத்தில் இடுப்பு மடிப்பு நெகிழ்ந்து, உள்ளேயிருந்து ஒரு இருபது மணிகள் தறிக்குழிக்குள் உதிர்ந்தன. குழிக்குள் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தவள் கண்ணகி. சத்தம் போடாமல் காலால் மூடிக்கொண்டாள்.

சாமி போனதும் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். தூவியது தட்டை, பருமன். இடுப்பிலிருந்து விழுந்தது சின்னது, கூர்மூக்கு, கண்ணாடி மாதிரிக் கெட்டி. அடுப்பில் மணலைக் காயவைத்து இரண்டிலும் ஒவ்வொன்று போட்டாள். தட்டுச் சோளம் கருகியது. இடுப்புச் சோளம் 'பட்'டென்று பூத்தது.

"நைனா, பாத்தியா? நெத்தியில ஒத்தறப்போ மணியை மாத்தறான்! பட்ணத்து டாக்கீஸ்ல விக்கிறாங்களே பொரி, அந்தச் சோளம் இது."

தசரதன் அசையவில்லை. "சாமி இடுப்புல இருந்து வுழுந்ததும்மா. அருள் ஒட்டிகினு இருக்காதா?"

கண்ணகி மிச்ச மணிகளை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சரி. மண்ணுல போட்டு வெளைய வெக்கறேன். என் கெணத்துத் தண்ணி, என் வூட்டு எரு. அதுல அருள் எங்க ஒட்டுதுன்னு பாத்துட்லாம்."

மிச்சம் பத்தொன்பது மணி. ஆடி பிறந்ததும் கிணற்றடியில், ஒரே வரிசையாக இல்லாமல் நாலு வரிசை நெருக்கமாக ஊன்றினாள். பதினாறு முளைத்தன. முழங்கால் உயரம் வந்ததும் மண் அணைத்தாள். உச்சியில் பூ வந்தபோது சோளத்தட்டையை உலுக்கி, கதிரின் நுனியில் தொங்கிய நூல்மேல் மகரந்தத் தூளை விழவைத்தாள். கிளிகளோடு சண்டை போட்டாள். மந்திரம் எதுவும் சொல்லவில்லை. கிளிகளைத் திட்டியதை மந்திரத்தில் சேர்க்க முடியாது.

ஐப்பசிக் கடைசியில் கதிர்களின் உறை காய்ந்தது. ஆசை தாங்காமல் அன்றே நாலு மணியைச் சட்டியில் போட்டாள். புஸ்ஸென்று உப்பி, ரப்பர் மாதிரி கிடந்தன.

"நான் சொல்லல? அருள் இல்ல," என்றார் தசரதன்.

கண்ணகி அழுதுவிட்டாள். நாலு மாசப் பாடு. அழுது முடித்து, ஒரு மணியைக் கடித்துப் பார்த்தாள். பல் பதிந்தது. ஈரம்! மழைக்காலம் வேறு. கதிர்களை அடுப்புக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். வாரம் ஒரு மணி போட்டுப் பார்த்தாள். முதல் வாரம் வெடிப்பு விட்டது. இரண்டாவது வாரம் பாதி பூத்தது. மூன்றாவது வாரம் சட்டியை விட்டே துள்ளியது. தசரதன் அதை எடுத்து வாயில் போட்டு மென்றார். இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

கார்த்திகை தீபம். களத்தில் கூட்டம் நெரிந்தது. பட்டைத் தாம்பாளத்தில் வைத்துத் தசரதன் தூக்கிவந்தார். சாமி கையை நீட்டினார். கண்ணகி குறுக்கே வந்தாள்.

"சாமி, சாத்தறதுக்கு முன்ன ஒரு தபா பாத்துட்லாம். இந்தத் தபா மணியை நானே போடறேன்."

"என் கை படாமப் பூக்காது தாயே."

தட்டிலிருந்து பத்து மணியை அள்ளிப் போட்டாள். பத்தும் கருகின. "சொன்னேனே," என்று சாமி சிரித்தார்.

கண்ணகி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "இது எங்க கெணத்தடியில வெளைஞ்சது. அத்தே, ஒங்க கையால போடுங்க."

செல்லியம்மாள் போட்டாள். பூத்தது. இரண்டு தரம் கருகி இரண்டு கோழி இழந்திருந்த கூலிக்காரி கன்னியம்மா முண்டியடித்து வந்து போட்டாள். பூத்தது. பரிகாரத்துக்குக் கட்டியிருந்த ஆட்டின் பேரில் ஒன்று போட்டாள் கண்ணகி. அதற்கும் பூத்தது.

"ஆட்டுக்குக் கல்யாண யோகம்டோய்!" என்றது கூட்டம்.

சாமி கையை உயர்த்தினார். "நான் அந்த வூட்டை ஆசீர்வாதம் பண்ண பலன்!"

"அப்டியா? ஒங்க பேர்ல ஒண்ணு போடறேன். ஒங்க தட்டுல இருந்தே."

போட்டாள். கரிக்கட்டையானது.

"சாமிக்கே தோஷம்!" என்று கன்னியம்மா கத்தினாள். "பரிகாரம் இன்னா சாமி? எங்கோழி எங்க?" கத்திக்கொண்டே இடுப்பு மடிப்பைப் பிடித்து ஒரே இழுப்பு. கூர்மூக்குச் சோளம் களமெங்கும் கொட்டியது. ஞானி ஜல்தியாக எழுந்து ஓடினார். நிஷ்டையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவருக்கு அவ்வளவு நல்ல கால் இருந்தது யாருக்கும் தெரியாது.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் ஊருக்கு நல்லது.

செல்லியம்மாள் கண்ணகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒம் மணி பூத்துடுச்சும்மா! தோஷம் போய்டுச்சு. தையிலயே வெச்சுக்கலாம்."

"அத்தே, எனக்குத் தோஷமே இல்லன்னு தெரிஞ்சு கூப்டுங்க, வர்றேன். சோளம் பூத்ததுக்காகக் கூப்டா, இந்தப் பட்டை வேற யாருனா கட்டிக்கட்டும்."

அதற்குள் கண்ணகியின் பின்னால் ஒரு வரிசை நின்றுவிட்டது. நூறு பேர். கை கூப்பியபடி.

"அம்மா, அந்த ராசியான சோளத்துல எனக்கு ஒண்ணு குடுங்க. பூஜையில வெக்கணும்."

கண்ணகி தலையில் அடித்துக்கொண்டாள்.

"குடுக்கறேன். மண்ணுல ஊனுங்க, எரு போடுங்க, நல்லாக் காயவெச்சுப் பொரிச்சுத் தின்னுங்க. கும்புட்டீங்கன்னா புடுங்கிக்குவேன்!"

பாதிப் பேர் அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஆரணிக்காரர்களே, அரை முழம் சரிகையைச் சுரண்டிப் பார்க்காமல் வாங்கமாட்டீர்கள். அந்த நகம் சாமியாரைக் கண்டால் மட்டும் ஏன் மடங்கிப்போகிறது?